கஞ்சி போட்ட இறக்கை

சத்திரப்பட்டி,
இராஜபாளையம் வழி.
29.11.2024

பால்கோவா தேசத்து இளவரசன் பார்த்தாவுக்கு,

இதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வாழ் பொதுமக்கள் அனைவருக்கும், குறிப்பாகப் படிப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும், ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: நேற்று மாலை ஐந்து நாற்பது மணிக்கு, கௌதம்ராஜ் என்பவரின் இடது கைக் கட்டைவிரல், நம் பொம்மை விமானத்தின் வலது இறக்கையோடு இரண்டறக் கலந்தது. சடங்குகள் ஏதும் இல்லை. மலர்வளையம் தவிர்க்கவும்.

நீ கொடுத்த அந்தச் சின்ன பாட்டில் பசை இருக்கிறதே, அது பசையா பாவத்தின் சம்பளமா? ஒரு சொட்டுத்தான் விட்டேன். ரிப் என்று நீ சொல்வாயே, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் லேசான பால்சா மரத்தில் சீவிய அந்தப் பட்டைகள், அதில் ஏழாவதைப் பிடித்தேன். அது என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா ஓடி வந்து, "ஏலே, அதை விடுலே, ஒடிஞ்சிரப் போகுது" என்றாள். "நான் எப்பவோ விட்டுட்டேன்மா, அதுதான் விடமாட்டேங்குது" என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. வலது கை காலியாக இருந்தும் தடுக்க மறந்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஹெப்சிபா நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் கொண்டுவந்து விடுதலை வாங்கிக் கொடுத்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி உன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள், இந்தக் கதையை வகுப்பில் வேறு மாதிரி சொல்வாள். நம்பாதே. நான் அழவில்லை.

விரல் போனாலும் இறக்கை முடிந்தது. பதினாறு பட்டைகளும் நேராக நிற்கின்றன. இனி மேலே அந்த வழவழத் தாளை இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. உன் போனை உங்கள் அப்பா மருந்துக்கடை மேசைக்குள் பூட்டி வைத்ததில் எனக்கொரு லாபம்: இதற்கெல்லாம் போட்டோ கேட்க முடியாது உன்னால்.

ஒன்பது விரல் மிச்சமுள்ள
கௌதம்ராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
2.12.2024

அன்புள்ள கௌதம்,

கடிதம் படித்து ஒரு நிமிடம் மூச்சு நின்றுவிட்டது. உன் விரலுக்காக இல்லை. ஏழாவது ரிப்புக்காக. அது வளைந்திருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல். விரல் எப்படி இருக்கிறது?

உடம்பும் வாலும் நான் காலாண்டு விடுமுறையில் எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டையும் வரைபடத்தின் மேல் குண்டூசி குத்தி, ஒருநாள் காயவிட்டு எடுத்தேன். அரையாண்டு வருகிறது என்று அப்பா அட்டைப்பெட்டியைப் பரணில் போடச் சொன்னபோது, அதைத் தூக்கிக்கொண்டு நான் வந்தது உன்னிடம்தான். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் இல்லை. நீ பாலிடெக்னிக்கில் படிக்கிறாய், உனக்குக் கை வரும் என்பதால்.

இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. எனக்கு விமானப் பொறியியல் வேண்டும் என்று போன வாரம் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். பி.ஃபார்ம் முடித்துக் கடையைப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் நினைத்திருந்தார். கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "பொங்கல் லீவுல அந்த பொம்மைய என் கண்ணு முன்னால பறக்க விடு. பறந்தா, நீ கேட்ட படிப்பைப் பத்திப் பேசலாம். விழுந்தா, பேச்சே வேண்டாம்" என்றார். ஒரே ஒரு தடவைதான் கௌதம்.

இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வை. முதலில் ஓரங்கள், பிறகு நடு. அவசரப்படாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதில் விளையாடாதே.

நம்பிக்கையோடும் கொஞ்சம் நடுக்கத்தோடும்,
பார்த்தா


சத்திரப்பட்டி,
20.12.2024

வருங்கால விமானப் பொறியாளர் அவர்களின் சமூகத்துக்கு,

ஒரு நல்ல செய்தி, ஒரு மிக நல்ல செய்தி.

நல்ல செய்தி: உன் வழவழத் தாள் இனி நமக்குத் தொல்லை தராது. இஸ்திரிப் பெட்டி வைத்த மாத்திரத்தில் அது சுருங்கி, சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஆகி, நடுவே ஒரு பொத்தலும் விட்டு, இவ்வுலகை நீத்தது. குறைந்த சூடுதான் வைத்தேன். எங்கள் வீட்டுப் பெட்டியில் குறைந்த சூடு, நடுச் சூடு எல்லாம் ஒரே ஜாதி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மயங்கி விழாதே. மிக நல்ல செய்தி கேள்.

எங்கள் ஊரில் நடக்கிறவன் தடுக்கி விழுந்தால் பேண்டேஜ் துணியில்தான் விழுவான். எங்கள் தறிக்கொட்டகையில் அது மலைபோல் கிடக்கிறது. அதில் ஒரு முழம் எடுத்தேன். தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்புக்காகப் போடக் காய்ச்சிய மரவள்ளிக் கஞ்சியில் முக்கினேன். இறக்கையின் மேல் இழுத்துக் கட்டி வெயிலில் வைத்தேன். ஒரு மணி நேரம். தட்டினால் தவில் மாதிரிச் சத்தம் வருகிறது! பொத்தல் தெரியக்கூடாது என்று மேலே இன்னும் இரண்டு சுற்றுத் துணி, இரண்டு கை கஞ்சி.

உலகத்திலேயே விழுவதற்கு முன்பே கட்டுப் போட்டுக்கொண்ட முதல் விமானம் நம்முடையது. உங்கள் ஊர் விமானம் கோயில் கருவறைக்கு மேலே அசையாமல் நிற்கும். எங்கள் ஊர் விமானம் பறக்கும்.

கஞ்சிக்கு அஞ்சாத
கௌதம்ராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
23.12.2024

கௌதம்,

மூன்று சுற்றா? மூன்று சுற்றுத் துணியா?

இன்று கடைசிப் பரீட்சை. எழுதி முடித்து வெளியே வந்ததும் ஹெப்சிபா உன் கடிதத்தைக் கொடுத்தாள். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன ஆச்சு, யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டாள். இறக்கைக்கு என்றேன்.

அந்தக் காலத்து விமானங்களுக்குத் துணிதான் போர்த்தினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்முடையது முழு விமானமே அறுநூறு கிராமுக்குள் இருக்க வேண்டும். இறக்கை மட்டும் இப்போது எவ்வளவு? அந்த மோட்டார் அதைத் தூக்காது. தூக்கினாலும் காய்ந்த கஞ்சி ஒரு பக்கம் அதிகமாக இழுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். கிளம்பியதும் கவிழும். அப்பா கண் முன்னால்.

யோசித்துப் பார்த்தேன். அப்பாவிடம் நானே போய், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அவர் முன்னால் அது விழுவதைவிட, நானே கைவிட்டேன் என்று இருப்பது மேல். பி.ஃபார்ம் ஒன்றும் கெட்ட படிப்பில்லை.

உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

பார்த்தா


சத்திரப்பட்டி,
3.1.2025

அவநம்பிக்கையின் அவதாரமே,

வாயை மூடு. மூடிவிட்டாயா? இப்போது திற. திறந்தபடியே இருக்கட்டும்.

பறந்துவிட்டது!

புத்தாண்டு அன்று காலை, ஊருக்குக் கிழக்கே பொட்டலில். உன்னைக் கேட்காமல் விட்டது தப்புத்தான், சோதனை ஓட்டம் என்று வைத்துக்கொள். கையால் வீசினேன். முதலில் இடது பக்கம் சாய்ந்தது. என் உயிர் வலது பக்கம் சாய்ந்தது. ரிமோட்டில் டிரிம் பொத்தானை வலப்புறம் நாலு தட்டுத் தட்டினேன், நேராயிற்று. பிறகு பார்க்க வேண்டுமே! மூன்று வட்டம். மூன்றாவது வட்டத்தில் சஞ்சீவி மலைப் பக்கமாக மூக்கை உயர்த்தித் திரும்பியபோது ஒரு பருந்து வழிவிட்டு ஒதுங்கியது. அவ்வளவு மரியாதை. இறக்கியபோது புல் நுனிகூட மடங்கவில்லை. நான்கு நிமிடம் இருபது விநாடி.

எடை பற்றிக் கவலைப்பட்டாயே, அது கஞ்சி குடித்த விமானம். தெம்பு இருக்கும்.

ஆகவே உங்கள் அப்பாவிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்காதே. சொல்லியிருந்தால் திரும்பப் போய், சொன்னதை வாங்கிக்கொண்டு வா. பி.ஃபார்ம் படித்தால் நீ மாத்திரை உறைமேல் எழுதுவது எல்லோருக்கும் புரியும், அந்தத் தொழிலுக்கே அவமானம்.

வான்படைத் தளபதி
கௌதம்ராஜ்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.1.2025

என் அன்பான கௌதம்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் அப்பாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. உன் கடிதம் வந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். கடிதத்தையே எடுத்து வாசித்தேன். அவநம்பிக்கையின் அவதாரம் என்பது உட்பட.

அப்பா சிரித்தார் கௌதம். பருந்து ஒதுங்கிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "யாருடா இவன், நன்னா எழுதறானே" என்றார். பிறகு, "நாலு நிமிஷம் இருபது செகண்டா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? காத்து எந்தப் பக்கம் அடிச்சுதாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினேழு வருடத்தில் அவர் என்னிடம் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது அன்றுதான். டிரிம் என்றால் என்ன என்று ஒரு மாத்திரைப் பெட்டி அட்டையின் பின்னால் வரைந்து காட்டினேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வருகிற 19ஆம் தேதி ஞாயிறு காலை, மம்சாபுரம் போகும் வழியில் உள்ள பொட்டல். அப்பா அன்று கடையைச் சாத்துகிறார். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்றுகூட மத்தியானம் திறந்தவர். "ஞாயிறு விடுமுறை" என்று அவர் கையாலேயே எழுதி இப்போதே தொங்கவிட்டுவிட்டார்.

உன்னை நம்பாமல் எழுதினேன். மன்னித்துக்கொள். என் தங்கை ஜனனி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், பருந்து விஷயமாக. நாளையோடு பள்ளி முடிந்து பொங்கல் விடுமுறை, இனி ஹெப்சிபா வழி கடிதம் கிடையாது. நேரில் பார்ப்போம்.

எந்நாளும் உன்,
பார்த்தா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
உங்கள் தெருமுனை.
18.1.2025, சனி

பார்த்தா,

இந்தக் கடிதத்தை உங்கள் தெருவிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். ஜனனி டியூஷன் முடிந்து வருவாள், அவளிடம் கொடுப்பேன்.

விமானம் பறக்கவில்லை. இறக்கை இல்லை. டிசம்பர் 24ஆம் தேதியிலிருந்தே இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, முறுக்கிக்கொள்ளும் என்று சொன்னாயே என்று, இறக்கையைக் கொஞ்சம் நனைத்து, நேராக்கி, தறிக்கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில்மேல் காயவைத்தேன். சாப்பிடப் போனேன். பாவுக்குப் போட்டு மிஞ்சும் கஞ்சியைப் பல வருடமாக வெள்ளத்தாய் அக்காவின் எருமைக்குத்தான் ஊற்றுகிறோம். அது தினமும் அந்த நேரத்துக்கு அந்த வாசலுக்கு வரும். எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் என் மண்டைக்குள் அது இறக்கையாகிவிட்டது. எருமைக்கு அது இன்னும் கஞ்சிதான்.

நான் கைகழுவிவிட்டு வந்தபோது அதன் வாயோரம் ஏழாவது ரிப் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். வெள்ளத்தாய் அக்காதான் ஓடி வந்தது.

"ஏலே, என்னத்தலே மாட்டுக்குக் குடுத்த?"

"ஏரோப்பிளேன், அக்கா."

"ஏரோப்பிளேனா! எம்புட்டு?"

"ஒரு இறக்கை முழுசா. இன்னொன்னுல பாதி."

"மாட்டுக்கு ஒன்னு ஆச்சு, ஒன்னய உசுரோட விடமாட்டேன்லே."

மூன்று நாள் அந்த எருமை சாணி போடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டு டாக்டர் எண்ணெய் கொடுத்தார். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலும் குறையவில்லை.

உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ பி.ஃபார்ம் ஒன்றும் கெட்ட படிப்பில்லை என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியைத் தாங்க முடியவில்லை. இறக்கை போய்விட்டது என்று எழுதினால் நீ அன்றைக்கே உங்கள் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் முடித்துவிடுவாய். பொங்கலுக்குள் வேறு இறக்கை செய்துவிடலாம், அதுவரை உன்னை நிறுத்திவைக்க ஒரு பொய் போதும் என்று நினைத்தேன். மூங்கில் சீவிப் பார்த்தேன். தெர்மாகோல் அறுத்துப் பார்த்தேன். மூன்று இறக்கை செய்தேன், மூன்றும் வெவ்வேறு பக்கம் வளைந்தன. டிரிம், நாலு தட்டு எல்லாம் பெட்டியில் இருந்த கையேட்டில் பதினோராம் பக்கம் பார்த்து எழுதியது.

அந்தக் கடிதத்தை நீ உங்கள் அப்பாவிடம் வாசிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சிரித்தார் என்று நீ எழுதிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்தேன். ஒன்பது நாளாக அந்த இடத்தையே பிரித்துப் பிரித்துப் படிக்கிறேன்.

அதனால் முதலில் கடைக்குத்தான் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பொய் சொன்னது நான், பார்த்தாவுக்கு இதில் எதுவும் தெரியாது, உடம்பும் வாலும் அவன் செய்தது, அதில் ஒரு குறை கிடையாது, பாருங்கள் என்று கொண்டுவந்த சாக்கிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாலை மெதுவாக அசைத்துப் பார்த்தார். அதற்குள் ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்தார், கொடுத்து அனுப்பினார். பிறகு எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். "நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீ போய்ச் சொல்லு" என்றார். அவ்வளவுதான் பேசினார். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். "ஞாயிறு விடுமுறை" அட்டையை அவர் கழற்றவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியலாம்.

சாக்கு என்னிடம்தான் இருக்கிறது. உடம்பு, வால், மோட்டார், ரிமோட், அரை இறக்கை. நான் இங்கே சைக்கிள் கடை ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நீ வந்து அடித்தாலும் சரி, சாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாலும் சரி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வான்படைத் தளபதி என்று கையெழுத்துப் போட்டேனே. அந்த மோட்டாரை நான் ஒரே ஒரு தடவைதான் ஓடவிட்டிருக்கிறேன். சர்ரென்று சத்தம் வந்ததும் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன். ஹெப்சிபா வந்துதான் மோட்டாரை அணைத்தாள்.

கௌதம்ராஜ்