கண்ணாடித் தடுப்பைக் கழற்றிவிட்டேன்

போடிநாயக்கனூர்,
18.8.2025

தம்பி சாம்சனுக்கு, அக்கா ஜெயபாக்கியம் எழுதுவது.

ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்கும். இன்றைக்கு எனக்கு அது வாயில் வரவில்லை, விட்டுவிடுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதை உன் பெண்டாட்டி ஜெஸ்ஸி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பா போனிலிருந்து கூப்பிட்டாலும் நான்தான் என்று நினைத்து நீ எடுப்பதில்லை. இந்தக் கடிதம் மெல்போர்னுக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். ஆகட்டும். என் கோபம் அதுவரைக்கும் ஆறாது.

கிறிஸ்துமசுக்கு நீங்கள் வருவதற்குள் உள்பாத்ரூமில் குளியல் டப்பு வைத்து, தண்ணீர் வெளியே தெறிக்காமல் கண்ணாடித் தடுப்பு போட வேண்டும் என்று ஜூன் மாதம் சொன்னாய். எல்லாம் மதுரையிலிருந்து லோடு வண்டியில் வந்து இறங்கியது. மாட்ட வந்த பாண்டியராஜன் அளவு எடுத்ததுமே தயங்கினான். அப்பா பிடித்துக்கொள்ளும் கம்பி அந்தச் சுவரில்தான் இருந்தது. அதை அறுக்காமல் கண்ணாடியின் அலுமினியச் சட்டம் உட்காராதாம். “அக்கா, பெரியவருக்கு எடது காலு இழுக்குது. இந்த டப்பைத் தாண்டி எப்பிடி உள்ள போவாரு? அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க” என்றான்.

கேட்டேன். வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினேன். பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கம்பியைப் பிடிக்காமல் அவர் குளித்ததே இல்லை என்றும் சொன்னேன். உன் பதில் உனக்கு மறந்திருக்கும். “அறுக்கச் சொல்லுக்கா. அப்பாவுக்குத்தான் பின்னாடி ஒரு பாத்ரூம் இருக்குல்ல.” அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அறுக்கச் சொன்னது நீ, அறுக்க விட்டது நான். என் பங்கை உன் தலையில் வைக்க மாட்டேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி. குரங்கணிப் பக்கமிருந்து விடாமல் சாரல், முற்றமெல்லாம் பாசி. நான் அடுப்படியில் இருந்தேன். கூப்பிட்டால் என் சோலி கெடும் என்று அவராகவே துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறார். பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தேனியில் ஆபரேஷன். உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ அனுப்பிய பதிலை இன்னும் அழிக்கவில்லை: “பாத்துக்கக்கா. கண்ணாடில தண்ணி கசியலையான்னு டெஸ்ட் பண்ணியாச்சா?” ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று அன்றைக்கு உன்னைத் திட்டினேனே, அதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சபைக்காரர்களும் ஏலக்காய்க் கடைக்காரர்களும் அவரைப் பார்க்க வந்தார்கள். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய் உள்பாத்ரூம் கதவைத் திறந்து காட்டுவார். மகன் எனக்காகச் செய்து கொடுத்தது, உட்கார்ந்தே குளிக்கலாம் என்பார். அந்த டப்புக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கட்டிலில் வைத்து ஈரத்துணியால் நான்தான் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது பொறுக்கவில்லை. போன வியாழக்கிழமை பாண்டியராஜனை வரச் சொல்லிக் கண்ணாடியையும் டப்பையும் கழற்றச் சொன்னேன். சத்தம் கேட்டு அப்பா வந்துவிட்டார். “எதுக்கு பாக்கியம் கழட்டுற? அவன் ஆசையா அனுப்புனது. தெரிஞ்சா வருத்தப்படுவான்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவன் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நாக்கு வேறு பக்கம் புரண்டுவிட்டது. நீதான் போன் செய்து கழற்றச் சொன்னாய், அப்பாவுக்குக் கம்பிதான் முக்கியம், முதலில் அதை மாட்டு என்றாய் எனச் சொல்லிவிட்டேன்.

“அவனே சொன்னானா?”

அவனேதான் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். பாண்டியராஜன் தலையைக் குனிந்துகொண்டு திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

சுவரில் இரண்டு கம்பி மாட்டி, கீழே ஒரு நாற்காலி போட்டாயிற்று. ஐந்து வாரத்துக்குப் பிறகு சனிக்கிழமை அவர் தலைக்கு ஊற்றிக் குளித்தார். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் கம்பியைக் காட்டுகிறார். மகன் மாட்டச் சொன்னதாம்.

உன் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இரக்கம் ஒன்றும் மிச்சமில்லை. கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக் கோடவுனில் சாய்த்து வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ. வருவதாக இருந்தால் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளியுங்கள், ஆகாதென்றால் லாட்ஜில் தங்குங்கள். ஜெஸ்ஸி மேல் எனக்கு வருத்தமில்லை. டப்பு வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லையாம். உன் ஊர்ப் பெருமையை இங்கே யாருக்குக் காட்ட இவ்வளவும் செய்தாய் என்று நீயே யோசித்துக்கொள்.

என்னிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டாலும் இப்போதைக்குக் கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை. ஒன்றே ஒன்று செய். அப்பாவைக் கூப்பிட்டு, கம்பி பிடிக்க வசதியாக இருக்கிறதா என்று கேள். வேறெதுவும் பேச வராவிட்டாலும் பரவாயில்லை.

நம்மூர் நேரம் காலை எட்டு மணிக்குள் கூப்பிடு. அதற்கு மேல் அவருக்கு அசதியில் பேச்சு குழறுகிறது.

அக்கா,
ஜெயபாக்கியம்