காக்காத் திராட்சையின் கடைசி ஜாடி

நீ போட்ட கடைசி ஜாடி காடியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மதினியே துணியை அவிழ்த்தார். ஒரு கரண்டியை அவர் நாக்கில் விட்டுப் பார்த்தார், ஒரு கரண்டியை நான். இருவருக்கும் சந்தேகமில்லை. அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை மடவார் வளாகத்து என் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்தேன். இன்று எடுத்தபோது, இராஜபாளையத்தில் உன் வீட்டுப் பின்னறையில் எழுந்த அதே புளித்த நெடி. செய்தியை உன்னிடம் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரே பத்திரிகையில் நான் எழுத்து, நீ படம். விடுமுறை கிடைத்தால் நீ தேவதானத்துத் தோட்டத்தில் இருப்பாய். அங்கே கிணற்றடியில் ஒரே ஒரு திராட்சைக் கொடி. கம்பம் பக்கத்துப் பன்னீர்த் திராட்சை இல்லை. பழம் சிறியது, மாதுளைத் தோலின் சிவப்பு, கடித்தால் விதையும் புளிப்பும்தான். வியாபாரிகள் தொடமாட்டார்கள். காக்கை மட்டுமே தின்னும் என்பதால் ஊரில் அதற்குக் காக்காத் திராட்சை என்று பெயர். வேறெந்தத் தோட்டத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. முதல்முறை தின்றுவிட்டு நான் முகத்தைச் சுளித்ததும் நீ சிரித்தாய்.

"ஏலே, உங்க வீட்ல காக்காய்க்குச் சோறு வைக்காவ. நான் காக்கா சோத்தப் பிடுங்கித் திங்கேன். நம்ம ரெண்டு பேர்ல யாருக்குல மோட்சம்?"

"காக்காயத்தான் கேக்கணும்" என்றேன்.

அதே பழம் ஜாடியில் ஊறி இறங்கினால் வேறு ஒன்றாகிவிடும். வாயில் நெல்லிக்காயின் துவர்ப்பு, தொண்டையில் மிளகு போல ஒரு சூடு. சபையில் திருவிருந்துக்கு வைக்கும் கடைப் பாட்டிலுக்குப் பதிலாக, ஒரு கிறிஸ்மஸுக்காவது இதை வைக்க வேண்டும் என்பது உன் ஆசை. போதகர் வருஷக்கணக்காகத் தட்டிக் கழித்து, கடைசியில் இந்த ஈஸ்டர் சமயத்தில்தான், "சரி, கிறிஸ்மஸுக்குக் கொண்டு வாங்க, பாப்போம்" என்றார். அதைச் சொல்லவே வெயிலில் வண்டியை விரட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாய்.

உன்னைக் கட்டிய நாளிலிருந்தே மதினிக்கு இதெல்லாம் பிடிக்காது. "இது வீடா, சாராயக் கடையா?" என்பார். பின்னறைக்குள் காலே வைக்கமாட்டார். அவர் வாயில் அது 'அந்தச் சனியன் பிடிச்ச ஜாடி'. நீ மட்டும் வேதத்தில் வருகிறபடி திராட்சை ரசம் என்பாய். அதையும் சுருக்கி, என்னிடம் ரசம் என்பாய்.

ஆவணியில் பழம் பறித்துப் பிசைந்து வைத்தாய். தோல் மேலே மிதந்து வரும். தினமும் அதை அமுக்கிக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். அது புளித்து அடங்குவதற்குள் உனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முகமூடியை விலக்கி மதினியிடம் நீ சொன்னது இவ்வளவுதான்: "ரசம்... மறந்துராத."

மறுநாள் மதியம் அவர் தூக்குவாளி நிறைய மிளகு ரசத்தோடு வந்தார்.

"அவியளே வாய் விட்டுக் கேட்டுட்டாவ தம்பி. பூண்டு நெறையத் தட்டிப் போட்டுருக்கேன்."

நீ வாளிக்குள் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். உன் தோள் குலுங்கியது; இருமல் என்று நினைத்தேன். பிறகு மதினியின் முகத்தைப் பார்த்தாய். ஒரு வார்த்தை திருத்தவில்லை. தம்ளர் தம்ளராக வாங்கிக் குடித்தாய்.

"நல்லாருக்கா?"

"ஒங் கைப்பக்குவம் யாருக்குட்டி வரும்?"

நீ கடைசியாகச் சாப்பிட்டது அதுதான்.

அடக்கம் முடிந்த பிறகு மதினி போன் செய்தார். "பின்னறையில யாரோ முணுமுணுக்காவ தம்பி." போய்க் கதவில் காது வைத்தேன். குமிழ் உடையும் சத்தம்; சற்று நின்று, மறுபடியும். "ஜாடி புளிக்குது மதினி" என்றேன். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு விடவில்லை.

"பேசட்டும். தொறந்தா நின்னுரும்."

திறக்காமலே ஒரு நாள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் தூக்கமே போனது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இது கெட்டுப் போச்சுன்னா, கோயில்ல எந்த ரசத்த வைப்பாவ?" அந்த வார்த்தை வாயை விட்டு வந்ததும் என்னைப் பார்த்தார். "தம்பி, இதையா சொன்னாவ?" அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை.

மறுநாள் உன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தேவதானத்துக்குக் கிளம்பினார். நானும் போனேன். அடுத்த காய்ப்புக்குக் கொடியைக் கவாத்து செய்ய அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டிக்கொண்டே போனார், கொடி கட்டையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று, "இம்புட்டு ஒட்ட வெட்டுனா தாங்காதுக்கா" என்றார்.

"தாங்கும். என்னையே தாங்குன மனுசன் வளத்த கொடி."

இந்தக் கிறிஸ்மஸுக்குக் கடைப் பாட்டில்தான். அடுத்த கிறிஸ்மஸ் வரை பொறுக்கும்படி மதினி போதகரிடம் கேட்டிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். இனி எல்லாம் அந்தக் கட்டையைப் பொறுத்தது. தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்தேன். உயிர் இருந்தால் கார்த்திகை முடிவதற்குள் துளிர்க்கும். அதுவரை சொல்வதற்கில்லை என்றார்கள். இப்போது ஐப்பசி.

தினமும் காலையில் மதினி தோட்டத்திலிருந்து போன் செய்கிறார். "இன்னும் இல்ல தம்பி." அவ்வளவுதான். பேசியபின் போனை அணைக்க மறந்துவிடுகிறார். அடுத்த வாளித் தண்ணீர் மண்ணில் விழும் சத்தம் கேட்கும்வரை நானும் அணைப்பதில்லை.