பத்தாம் பிறையில் ஒரு வட்டிலப்பம்

2025 மே 29, வியாழன்

இன்று மாலை எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் மர்சூக், மகன் உமர், பக்கத்து வீட்டு பேர்ணடெட், அவளுடைய மகள் றோஷினி. வேறு ஒருவரும் இல்லை. கடைச் சாமான் கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதி வைக்கிறேன். உமர் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வாய் திறந்து பேசிய நாள் இது.

அம்புலன்ஸ்காரனாக வந்தான். இரண்டே வசனம். இரண்டாவதை முடிக்குமுன் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் மஹ்ரிப் தொழப் பள்ளிவாசலுக்குப் போகாம இருந்தன்?" என்றார் மர்சூக்.

"சும்மா இருங்கோ நானா. எங்கட பிள்ளை கதவை எவ்வளவு வடிவாய்த் திறந்தவன்," என்றாள் பேர்ணடெட். அவளும் மன்னார், நாங்களும் மன்னார். கடல் கடந்து வந்து குடியேறிய இந்த கிளென்ஃபீல்டில் எனக்குச் சகோதரி மாதிரி.

அல்ஹம்துலில்லாஹ். பயமாகவும் இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாள் சோற்றின் மிச்சத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது உமர் ஓடிவந்தான். முழுநீளப் படம். அவன்தான் முதன்மை வேடம்! தூக்கிச் சுற்றினான் என்னை. கையில் அகப்பை.

பிறகு உட்கார்ந்து விவரம் சொன்னான். இயக்குவது ஸைனப் என்ற பெண். ஈராக்கில் பிறந்தவள், நியூ லின்னில் தாயோடு இருக்கிறாள். படம் அவளுடைய அண்ணன் ஹைதரின் கதை. பக்தாதில் சுன்னி, ஷியா என்று தெருவுக்குத் தெரு பிரிந்து கொன்றுகொண்டிருந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை மறித்துப் பெயர் கேட்டிருக்கிறார்கள். சொன்னான். பெயரிலேயே ஷியா என்று தெரிந்துவிட்டது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுன்னிகள். சுட்டுவிட்டார்கள். பையனுக்குப் பத்தொன்பது வயது.

"நாங்கள் சுன்னிகளெண்டு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மர்சூக்.

"என்ட பேர் உமர், வாப்பா. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

உண்மைதான். ஷியா வீடுகளில் இந்தப் பெயரை வைக்கவே மாட்டார்கள். நான் வைத்த பெயர்.

நான் இதுவரை ஒரு ஷியாவோடு கதைத்ததில்லை. ஊர் மதரஸாவில் 'வழி தவறியவர்கள்' என்று ஒரு வரி படித்தோம், அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

உமரை நடிக்க விடலாமா என்று அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுதேன். கனவு ஒன்றும் வரவில்லை. காலையில் மனம் இலேசாக இருந்தது. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு, "செய் மகன்" என்றேன்.

ஜூலை 5, சனி

இன்று முஹர்ரம் ஒன்பதாம் பிறை நோன்பு. நாளை பத்து.

முஹர்ரம் பிறந்ததிலிருந்து உமர் ஒவ்வோர் இரவும் ஸைனபின் ஆட்களுடைய மண்டபத்துக்குப் போகிறான். எப்படி உட்காருகிறார்கள், எப்படி அழுது துஆக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். "அவங்களுக்கும் இது பெரிய மாசம், உம்மா" என்றான். எங்களுக்கும்தானே. ஹிஜ்ரிப் புத்தாண்டு. மூஸா நபியை அல்லாஹ் காப்பாற்றிய நாளுக்கு நன்றியாக நோன்பு பிடிக்கிறோம். அவர்களும் பிடித்திருப்பார்கள், நோன்பு திறந்தபின் இனிப்பாக ஒன்று வேண்டாமா? என் மகனுக்கு வாழ்வு கொடுத்த சனங்கள்.

சான்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிவந்த கித்துள் கருப்பட்டி இருக்கிறது. பெரிய பீங்கான் பாத்திரம் நிறைய வட்டிலப்பம் அவித்தேன். மேலே கஜுப் பருப்பும், கேக்குக்குப் போடுகிற வெள்ளி மணிகளும். தங்கநிற அட்டை ஒன்றில் அரபியில் 'ஒவ்வோர் ஆண்டும் நலமாக இருப்பீர்களாக' என்று என் கையாலேயே எழுதினேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அரபி ஓதத் தெரியும், எழுதத்தான் யூடியூப் பார்த்துப் பழகினேன். கோணல் இல்லாமல் வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

நோன்பு திறந்ததும் உமர், மூடியிருந்த பாத்திரத்துக்குள் என்னவென்று பார்க்காமலே, எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று மர்சூக்குக்குக் கோபம்.

ஜூலை 7, திங்கள்

எப்படி எழுதுவது.

அவர்கள் நோன்பு பிடிக்கவில்லை. கொண்டாடவும் இல்லை. பத்தாம் பிறை அவர்களுக்கு நபியின் பேரர் ஹுஸைன் வெட்டுண்ட நாள். மண்டபம் முழுக்கக் கறுப்பு உடுப்பு, விம்மல். அவர் ஷஹீதாக உயிர்விட்ட செய்தியை ஒருவர் சொல்லி முடித்து எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரம், என் பிள்ளை பின்கதவால் நுழைந்து சாப்பாட்டு மேசையில் பாத்திரத்தை வைத்து மூடியைத் திறந்திருக்கிறான். வெள்ளி மணி. தங்க அட்டை. நல்வாழ்த்து.

அன்றும் ஹுஸைனைக் கொன்றவர்கள் ஊரில் விழாக் கொண்டாடினார்களாம். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியாதே!

ஒரு வாலிபன் அட்டையைப் படமெடுத்துப் போட்டுவிட்டான். 'எங்கள் ஹைதராக நடிக்கும் உமரின் வீட்டிலிருந்து வந்த பரிசு.' அவ்வளவுதான் எழுதியிருந்தான். அது போதும்.

உமர் காலையிலிருந்து அறையை விட்டு வரவில்லை. அறை வாசலில் வைத்த தேத்தண்ணீர் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

ஜூலை 9, புதன்

இன்னொரு படமும் சுற்றுகிறது. அதே இரவு, கறுப்புச் சட்டையோடு உமர் அவர்கள் நடுவே நெஞ்சில் கை வைத்தபடி. இதை எங்கள் பள்ளிவாசலின் வட்ஸ்அப் குழுவில் போட்டவர் நளீம் ஹாஜியார். சனிக்கிழமை குர்ஆன் வகுப்புகளைப் பொறுப்பாக நடத்துபவர். சிறு பிள்ளைகளுக்கு நான் ஓதிக்கொடுப்பது அவருடைய வகுப்பில்தான்.

நேற்றிரவு வீட்டுக்கே வந்துவிட்டார். "மர்சூக், அங்கால நாடுகள்ல எங்கட ஆக்கள் அவங்கட கையால சாகிறாங்கள். உன்ட மகன் இஞ்ச அவங்களுக்காக நெஞ்சில அடிக்கிறான்."

"அவன் படத்தில நடிக்கிறான், ஹாஜியார்."

"நடிப்பெண்டு தொடங்கித்தான் எல்லாம் போறது."

மர்சூக் தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு: "மே மாசம் டீவில அம்புலன்ஸ்காரனா வந்தான். உங்களுக்கு நெஞ்சு நோவு வந்தா என்ட மகனையா கூப்பிடுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடுப்படியில் நின்று. ஹாஜியார் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர் குடியாமலே போனார்.

ஜூலை 12, சனி

இந்தக் கிழமை முதல் வகுப்புக்கு வர வேண்டாம் என்று ஹாஜியாரிடமிருந்து செய்தி. காரணம் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு 'தபாரக்' அத்தியாயம் பாதியில் நிற்கிறது.

அந்தப் பக்கமும் இதே கதைதான். படத்துக்குப் பணம் போட்ட மண்டபத்துக்காரர்கள் ஸைனபிடம் உமரை நீக்கு என்கிறார்களாம். குறைந்தது அவன் பெயராவது போஸ்டரில் வரக்கூடாதாம். கடைசியில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார்: ஹைதரின் தாய் என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு.

உமர் என்னைப் பார்த்து, "நீங்க வேணாமெண்டா நான் விட்டுடுறேன் உம்மா. ஐ'ம் ஸீரியஸ்" என்றான். கண் சிவந்திருந்தது. ஐந்து வருடம் ஒடிஷன் ஒடிஷன் என்று பஸ் ஏறி இறங்கிய பிள்ளை. என் கைப்பிழையால் போவதா?

அந்தத் தாய்க்கு முகம் காட்டாமல் இங்கே இருந்து துஆ மட்டும் கேட்பது சரியா? நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். சரியில்லை.

ஜூலை 17, வியாழன்

பேர்ணடெட்டின் காரில் நியூ லின் போனோம். வழியெல்லாம் மழை. பாலத்தில் அவள் ஜெபமாலை சொன்னாள், நான் ஸலவாத் ஓதினேன். "ரெண்டு பேரில ஒராள்ட ஜெபத்தை ஆண்டவர் கேட்டாலும் போதும்" என்றாள்.

ஸைனபின் தாயை 'உம்மு ஹைதர்' என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். ஹைதரின் தாய். மகன் இல்லை, அந்தப் பெயர் மட்டும் ஒவ்வொரு கூப்பிடுதலிலும். அறுபது வயதிருக்கும். தலையில் கறுப்பு முக்காடு. முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நான் அரபியில் சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் குர்ஆன் வசனங்கள். வாயில் வந்ததும் அதுதான்: 'எங்கள் இறைவா, நாங்கள் மறந்தாலோ பிழை செய்தாலோ எங்களைப் பிடித்துவிடாதே.' அவர்கள் ஒரு கணம் திகைத்துப் பார்த்தார்கள். பிறகு மிச்சத்தை நான் என் ஆங்கிலத்தில் சொல்ல, ஸைனப் அரபியில் மாற்றிச் சொன்னாள். எங்களுக்கு அது நோன்பின் நாள் என்றும், உங்களுக்கு மரணவீட்டு நாள் என்று தெரியாமல் போனது என் குற்றம் என்றும்.

"கையெழுத்து நன்றாக இருந்தது," என்றார்கள் உம்மு ஹைதர். "அதனால் கோபப்படக் கொஞ்சம் நேரம் எடுத்தது."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை எனக்கு.

பிறகு அவர்கள் கேட்டார்கள், உன் ஊரிலும் பெயர் கேட்டு மறிப்பார்களா என்று. மன்னார் முஸ்லிம்களான எங்களைப் பெயர் பார்த்து ஊரைவிட்டே அனுப்பினார்கள் என்றேன். தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. உடுத்த உடுப்போடு படகேறினோம். அனுப்பியவர்கள் என் பாஷையே பேசிய, பேர்ணடெட்டின் சனங்களின் துப்பாக்கிக்காரர்கள். பேர்ணடெட் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் செய்ததா என்ன? நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மு ஹைதர் எங்கள் இருவரின் கையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தபோது என் பீங்கான் பாத்திரத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். கழுவித் துடைத்து, வெறுமையாக.

எங்கள் வீடுகளில் ஒருவருடைய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான். அவர்களிடமும் அதே வழக்கமாம், ஸைனப் வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

விளங்கியது.

ஜூலை 18, வெள்ளி

பாத்திரத்தை மேல்தட்டில் வைத்துவிட்டேன். கண்ணில் படாத இடத்தில்.

ஜூலை 24, வியாழன்

உம்மு ஹைதர் உமரைக் கூப்பிட்டிருந்தார்கள். தனியாக. போனவன் திரும்பிவந்து சாவியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

சோதனைச் சாவடிக் காட்சியை நடித்துக் காட்டச் சொன்னார்களாம், அவர்களுடைய முன்னறையில், அவர்கள் முன்னால். இவன் கத்தியிருக்கிறான், திமிறியிருக்கிறான். முடித்ததும் உம்மு ஹைதர் இல்லை என்று தலையசைத்தார்கள்.

"அவன் கத்தவில்லை. உடனிருந்து தப்பிய பையன் என்னிடம் சொன்னான். துப்பாக்கி வைத்திருந்தவனை 'மாமா' என்று கூப்பிட்டான். பெரியவர்களை அப்படிக் கூப்பிடத்தான் நான் பழக்கியிருந்தேன்."

உமர் மறுபடி நடித்தான். மெதுவாக, 'மாமா' என்று.  கடைசியில் அவர்கள் கேட்டது ஒன்றே: "நாளைக்கும் வருவாயா?"

"அப்ப ஓமா, இல்லையா?" என்று கேட்டேன்.

"ஐ திங்க் ஓம், உம்மா."

எனக்கு இன்னும் நிச்சயமில்லை. இரண்டு றக்அத் தொழுதேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஸைனப் தொலைபேசியில் சொன்னாள். தாய் பெரியவர்களிடம் பேசிவிட்டார்களாம். 'பெயர் கேட்டு என் மகனைக் கொன்றார்கள். நானும் பெயர் கேட்டு ஒரு பிள்ளையை அனுப்பவா?' என்றார்களாம். பணம் போட்டவர்களில் இருவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

படப்பிடிப்பு. உமர் மெலிந்துவிட்டான். வீட்டிலும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறான். மர்சூக் 'டேய், நீ என்ட மகன்தானே?' என்று விளையாட்டாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே பயந்துபோனார்.

வகுப்பிலிருந்து இன்னும் அழைப்பில்லை. நளீம் ஹாஜியார் பள்ளிவாசலில் மர்சூக்கின் ஸலாமுக்குப் பதில் சொல்கிறார், நின்று கதைப்பதில்லை.

2026 மே 23, சனி

படம் பார்த்தோம். இருந்தவர்கள்: நான், மர்சூக், உமர், பேர்ணடெட், றோஷினி. எனக்கு இடப்பக்கம் உம்மு ஹைதர். மண்டபத்து ஆட்கள் பலர். எங்கள் பள்ளிவாசலிலிருந்து ஒருவர்கூட இல்லை.

சாவடிக் காட்சியில் என் பிள்ளை 'மாமா' என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்கள் மூடவில்லை.

முடிவில் எழுத்து ஓடியது. ஹைதர், உமர் மர்சூக். இரண்டு பெயரும் ஒரே வரியில். அந்த வரி போய் மறைந்த பிறகும் அவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்ததும் உமரின் கன்னத்தைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றான். காரிலிருந்து ஒரு பானையை எடுத்துத் தந்தார்கள். சோறும், கடலை போட்டுக் குழைத்த இறைச்சியும். சிட்னியில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு உமரை அழைத்திருக்கிறார்கள் என்ற செய்தியை மர்சூக் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டேதான் என்னிடம் சொன்னார்.

ஜூன் 14, ஞாயிறு

உமர் சிட்னி போய் நான்கு நாள். வகுப்பு இன்னும் இல்லை. ஆனால் ஹாஜியாரின் மனைவி நேற்று பேத்தியை எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "தபாரக் முடியல்லையாம், கேக்கிறாள்" என்று சொல்லிப் போனாள். ஓதிக்கொடுத்தேன்.

இந்தக் கிழமை முஹர்ரம் பிறக்கும். உம்மு ஹைதருக்கு அனுப்ப வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பிறகு ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். அட்டை இல்லை, வெறும் தாள்.

'ஸலாம். பத்தாம் பிறை அன்று எங்களுக்கு நோன்பு, உங்களுக்குத் துக்கம். என் நோன்பை நான் வீட்டில் திறந்துவிட்டு வருவேன். உங்கள் பானை என்னிடம் இருக்கிறது. வெறுமையாகத் தர மனமில்லை. இனிப்பு எதுவும் இல்லாமல், இறைச்சிக் கஞ்சி காய்ச்சி மண்டபத்துக்குக் கொண்டுவரலாமா? பின்கதவால் வந்து வைத்துவிட்டு, நீங்கள் சொன்னால் இருப்பேன், இல்லையென்றால் போய்விடுவேன். ஓம் என்றாலும் வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. இறைச்சிக்குக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆகவே தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.'