எண்பது கிலோவுக்குக் கீழே

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமில்லை என்று தெரிந்துகொண்டே நலம் விசாரிப்பது அலுவலகக் கடிதங்களின் வழக்கம் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் செய்தால் அத்தான் எடுக்கிறார். நீ தூங்குவதாகச் சொல்கிறார். ஒன்பது நாளாக எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தூங்குகிறாய். கல்லீரல் கெட்டவர்களுக்குத் தூக்கம் அதிகம் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் பின்னாலிருந்து "தூங்குறேன்னு சொல்லுங்க" என்று நோயாளியின் குரலே கேட்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஆகவே கடிதம்.

என் கல்லீரலில் பாதி உனக்கு வேண்டாம் என்று நீ சொல்லியிருப்பது தெரியும். குடும்பத்தில் உனக்குப் பொருந்துகிறவன் நான் ஒருவன்தான் என்பதும், ஆறு மாதத்துக்குள் ஆகவேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு நீ மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்டரே என்னை மறுத்துவிட்டார். என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். "எண்பது கிலோவுக்குக் கீழ வாங்க, அப்புறம் ஸ்கேன் பண்ணிப் பாக்கலாம்" என்றார். அன்று நான் தொண்ணூற்று மூன்று.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவன் நான். "எட்டுப் பேர், 544 கிலோ" என்ற பலகையை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ. ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்பது கணக்கு. அந்தக் கணக்கில் நான் ஒன்றேகால் ஆளைத் தாண்டி ஒன்றரை ஆளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன் என்பது ஒருநாளும் உறைக்கவில்லை. மாடிப்படி ஏறுகிற வேலையும் இல்லை பார்.

முதல் இரண்டு மாதம் நடந்தேன். காலையில் நாற்பத்தைந்து நிமிடம், பூங்காவில். அங்கே நடப்பவர்கள் ஆறு பேர் கொண்ட ஒரு குழு. ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் தலைவர். பேச்சுக்கு இடைஞ்சல் வராத வேகத்தில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நாலு சுற்று முடிந்ததும் வாசல் கடையில் டீ, பன். மூன்று கிலோ குறைந்தது. பிறகு முள் நகரவில்லை. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, பன் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டாள். "நடை உங்க உடம்புக்குப் பழகிப்போச்சு சார். ஒரு நிமிஷம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க. பத்து தடவை" என்றாள்.

நான் கடைசியாக ஓடியது ஒரு பஸ்ஸைப் பிடிக்க. பஸ் போய்விட்டது. இன்று காலை மறுபடி ஓடினேன். ஒரு நிமிடம் என்பது சிறிய கால அளவு என்று இதுவரை நினைத்திருந்தேன். நாற்பதாவது விநாடியில் அந்த எண்ணம் போயிற்று. வயிறு ஒரு தாளத்திலும் நான் வேறொரு தாளத்திலும் ஓடினோம். பத்து தடவையில் நாலு முடிந்தது. நாளை ஐந்து.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கவும் செய்.

உன் தம்பி

---

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம் ஆயிற்று. எண்பத்தைந்து கிலோ. இப்போது எட்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிறேன்.

ஓடத் தொடங்கிய முதல் வாரம் நடைக்குழுவினர், "யாரு சார் துரத்துறாங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் மேனேஜர் என்னைத் தனியே அழைத்து, தனக்குத் தெரிந்த ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னார். நடந்துகொண்டிருக்கும்போதும் படுத்துக்கொண்டிருக்கும்போதும் போனவர்களின் எண்ணிக்கையைக் கேட்டேன். அவரிடம் அந்தப் புள்ளிவிவரம் இல்லை. குழு மாறியவனாக அல்ல, மதம் மாறியவனாகவே என்னைப் பார்க்கிறார்கள். டீக்கடைக்காரர் மட்டும் பழைய அன்போடு பன்னைக் காட்டிக் கூப்பிடுகிறார். அவர் பக்கம் திரும்பாமல் ஓடுவதுதான் பயிற்சியிலேயே கடினமான பகுதி.

ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் குறைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு ஆலோசனைப் பெண் சொல்லியிருக்கிறாள். அவசரத்துக்கு எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியம் ஒன்றுதான்: "தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்." ஆரம்பத்தில் "தீ" வரைக்கும்தான் மூச்சு வந்தது. முன்னால் போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக ஓடினார். ஆறு வாரத்தில் முழு வாக்கியமும் வருகிறது. அவரும் பழகிவிட்டார், "எந்த மாடில தம்பி?" என்று கேட்கிறார்.

கணுக்காலுக்கு மேலே, எலும்பின் முன்பக்கம் வலித்தது. ஷூவை மாற்றினேன், இரண்டு நாள் ஓய்வெடுத்தேன், போய்விட்டது. "முழங்கால் போயிடும், நிறுத்தச் சொல்லுங்க" என்று நீ சொன்னதாக அத்தான் சொன்னார். நீ விழித்திருந்ததற்கு இது இரண்டாவது ஆதாரம் என்று வைத்துக்கொள்கிறேன். முழங்கால் இருக்கிறது. கண் மஞ்சள் கூடியிருப்பதாகவும் அவர் சொன்னார். அதை நீ சொல்லச் சொல்லவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

உப்பைக் குறைத்துக்கொள்.

உன் தம்பி

---

அன்புள்ள அக்காவுக்கு,

எடை பார்க்கும் அறையில் நடந்ததை அத்தான் உன்னிடம் சொல்லியிருப்பார். கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, அவனுக்கே இஷ்டமில்ல" என்று நீ சொன்னாயாம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரித் தராசில் ஏறினேன். எழுபத்தொன்பது புள்ளி ஆறு. நர்ஸ் கை கொடுத்தாள். உன் தம்பியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குனிந்து தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டைப் படித்தேன். அதன் தேதி முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எந்த இயந்திரத்தில் ஏறினாலும் முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்பது என் கண்ணின் பழக்கம். என்னிடம் அது அனுமதி கேட்பதில்லை. "இதைக் கடைசியா எப்பம்மா செக் பண்ணீங்க?" என்று கேட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வார்டிலிருந்து வேறொரு தராசு வந்தது. எண்பத்தொன்று புள்ளி ஒன்று.

டாக்டர் வருத்தப்பட்டார். "ரூல் ரூல்தான் சார், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார். இருபத்திரண்டு வருடமாகக் கட்டட உரிமையாளர்களிடம் நான் சொல்லிவரும் வாக்கியம் அது. கேட்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன? அந்த மெஷினுக்கு வக்காலத்து வாங்க உங்களை யாரு கூப்பிட்டா?" என்றாள். நாலாம் நாள் காலை நான் ஷூ கட்டிக்கொண்டிருந்தபோது, கோபமே இல்லாமல், "பயந்துட்டீங்களா?" என்று கேட்டாள். நீ அத்தானிடம் சொன்னதையும் அப்போதுதான் சொன்னாள்.

அன்று அந்தக் கேள்வியோடு ஓடினேன். எப்போது நடக்க வேண்டும் என்பது மறந்துபோய், நிற்காமல் முப்பத்தைந்து நிமிடம். அதற்கு முன் அவ்வளவு ஓடியதில்லை. யோசித்ததில் தெரிந்தது இது: தராசைப் பற்றிக் கேட்டவன் ஆய்வாளன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எண் மாறியதும் நிம்மதியாக மூச்சு விட்டவன் வேறொருவன். அவனை எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். என் சட்டையைத்தான் போட்டிருந்தான்.

ஆகவே, எனக்குப் பயம் இருக்கிறது. இஷ்டமில்லை என்பது வேறு, பயம் வேறு. பயந்தவர்கள்தான் உலகத்தில் வழக்கமாக ஓடுகிறார்கள். நான் திசையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

போன வாரம் மறுபடி போனேன். இரண்டு தராசு கேட்டேன். எதிர்பார்த்து இரண்டையும் சோதித்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் எழுபத்தொன்பதுக்குக் கீழே. மறுநாள் ஸ்கேன். கொழுப்பு இறங்கிவிட்டது, எடுக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், என் பக்கத்தில் என் மனைவியும் போட்டாள். உன்னுடையது மட்டும் பாக்கி. இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. ஆறு மாதம் என்று சொன்னதில் மூன்று வாரம் மீதி.

அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வளர்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அவன் மனைவி என்ன செய்வாள் என்று நீ எல்லோரிடமும் கேட்பதாகத் தெரிகிறது. என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். ஒன்றும் ஆகாது என்று நான் எழுதித்தர முடியாது. எந்த லிஃப்டுக்கும் அப்படி எழுதித் தந்ததில்லை. சோதித்த அளவில் குறை ஒன்றும் தென்படவில்லை, ஆள் ஏறலாம் என்றுதான் எழுதுவேன். மனிதர்கள் அதை நம்பி ஏறுகிறார்கள். நீயும் ஏறு.

ஐந்து மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பன்னை விட்டேன், நண்பர்களை விட்டேன். நீ கையெழுத்துப் போடாவிட்டால், நான் ஓடியதெல்லாம் உடல் ஆரோக்கியத்துக்காக என்று ஆகிவிடும். அந்த அவப்பெயரோடு என்னை இருக்க விடாதே, அக்கா.

உன் தம்பி