பேத்தியின் எட்டுக் குமிழ்ப் பெட்டி

என்னங்க, வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? மகள் வீட்டு வேலையில் எனக்கு இடுப்பு ஒடிகிறது, மற்றபடி சுகம்.

நம் கெட்டிக்காரப் பேத்தி தானே கம்பிகளைப் பற்றவைத்து ஒரு பெட்டி செய்தாள். அதன் எட்டுக் குமிழ்களையும், குமிழுக்கு ஒரு சுரமாக, வெவ்வேறு அளவில் திருகிவைத்தால், அதோடு இணைத்த பழைய பொம்மைக் கீபோர்டு தானாகவே மெட்டு வாசிக்கும். தூசி துடைத்த நான், அடுப்புக் குமிழ் மாதிரி எல்லாவற்றையும் நேராக்கிவிட்டேன். மறுநாள் பள்ளியில் காட்ட வேண்டியது!

“போச்சு பாட்டி, எதை எவ்வளவு வெச்சேன்னு எழுதிக்கூட வைக்கல!” என்று அழுதாள். பத்து நாள் கேட்ட மெட்டாயிற்றே, நான் பாடப் பாட அவள் திருகினாள். எட்டும் சரியாக வந்தன, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் சொல்லி!

இன்று பெட்டியோடு பள்ளிக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. திட்டுவதற்காவது பகலில் ஒருமுறை போன் பண்ணுங்கள். பால் பொங்குகிறது, ஓடுகிறேன்.