நான் கேட்டாலும் அனுப்பாதே

டார்னெய்ட்,
12 யூலை

அன்பு மகள் டிலக்சிக்கு,

மாதாவின் காவலில் நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம், எட்மன்டனில் நீயும் மருமகன் ஜனுஷனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். அம்மாவுக்கு இங்கே யூலையில் வரும் இந்தக் குளிரோடு முழங்கால் வலி கூடிவிட்டது, எனக்குப் பாண் தொழிற்சாலையில் மறுபடி விடியற்காலை வேலை. இந்தக் காலத்தில் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ கோபத்தில் இங்கிலிசுக்கு மாறிவிடுவாய், நான் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன்.

நீ விட்டுப்போன டப்லெட்டில் நான் ஒரு ஒன்லைன் கசினோவில் விளையாடத் தொடங்கினேன். உன் பெயரும் ஈமெயிலும் அதில் இருந்தபடியால் கணக்கும் உன் பெயரிலேயே திறந்தது, அம்மாவின் கண்ணில் படாது என்று நானும் அப்படியே விட்டேன். காசைக் கிரிப்டோவாக மாற்றித்தான் போட வேண்டும், அதையும் இருந்து படித்தேன், பன்னிரண்டாம் வகுப்புச் சோதனைக்கு நீகூட அப்படிப் படித்திருக்க மாட்டாய். உன் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வர டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசுதான் போனது. பிறகு ஒருநாள் பதினோராயிரம் டொலர் வென்றதாகக் காட்டியது. எடுக்கப் போனால் மூன்று நாள் என்றார்கள், பிறகு நெட்வேர்க் நெரிசல் என்றார்கள், பிறகு சரிபார்ப்புக் கட்டணம் ஆயிரம் என்றார்கள், அதையும் கட்டினேன். இன்றோடு ஆறு கிழமையாகிறது. திரையைத் திறந்து பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனேன் பிள்ளை.

இன்னும் ஒரு வெட்கக்கேடு. அந்தோனியார் நவநாளில், ஒரு அலுவல் இழுபடுகிறது, செபியுங்கள் என்று கேட்டேன், என்ன அலுவல் என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கு இழுபடுவது விசாதானே. ரோவிலில் இருக்கும் அன்னம்மா அன்ரி அது உன் கனடா பிஆர் என்று தானே முடிவுகட்டி, மூன்று செவ்வாயாக ஒருசந்தி நோன்பு பிடிக்கிறார். எழுபத்தெட்டு வயது, சீனி வருத்தம் வேறு. நானும் அப்படியே நம்ப விட்டேன்.

கடைசியில் என்னோடு வேலை செய்யும் சிவகௌரியிடம் காட்டினேன், ஊரில் வங்கியில் இருந்தவர். அண்ணை, கிரிப்டோ போய்ச்சேர ஒரு மணித்தியாலம் காணும், காசு வாற வழியிலை நிக்கேல்லை, அவங்கள் இன்னும் அனுப்பவேயில்லை என்றார். பதினோராயிரமும் அவர்கள் திரையில் போட்ட இலக்கம்தான், உண்மையான காசு நான் போட்டது மட்டும்தான் என்றும் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து வந்து அம்மாவிடம் சொன்னேன். டிக்கெட் காசும் அதுக்குள்ளையோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஓம் என்றேன். குசினிக்குள் போனாள். பிள்ளை பெற்ற உடம்புக்கென்று உனக்குத் தன் கையால் கொண்டுவர இடித்து வைத்திருந்த சரக்குத்தூளை, தபாலில் அனுப்பப் பொதி கட்டினாள்.

நேற்று கசினோக்காரரிடமிருந்து மறுபடி ஈமெயில். கணக்கு உன் பெயரில் இருப்பதால், முகத்துக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டைப் பிடித்து நீ எடுத்த படம் ஒன்று வந்தால் மறுநாளே காசு விடுவார்களாம். சிவகௌரி சொன்னது விளங்கியும், அம்மா பொதி கட்டியதைக் கண்டும், உன்னிடம் அந்தப் படத்தைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன் மகள். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாயிருக்கிறது.

இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே, பாரம் தூக்காதே. அன்னம்மா அன்ரியிடம் வரும் செவ்வாய் நானே உண்மையைச் சொல்லிச் சாப்பிட வைப்பேன். உன் ஈமெயிலின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்று, புதியதை எனக்குச் சொல்லாதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக.

அடுத்த கிழமை நான் போன் எடுத்து அந்தப் படத்தைக் கேட்கக்கூடும். கேட்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்கு என்னில் நம்பிக்கை இல்லை. நான் அழுதாலும், அம்மாவின் டிக்கெட்டுக்குத்தான் என்று சொன்னாலும், பாவம் பார்த்து அனுப்பிவிடாதே. அப்போது இந்தக் கடிதத்தை எடுத்து எனக்கே வாசித்துக் காட்டு.

உன் அப்பா,
கொட்பிறி