மாலையைச் சரிசெய்த கை

அன்பு மகள் சிவாஜினிக்கு, மெல்பேர்ண் மல்கிரேவிலிருந்து அம்மா எழுதுவது. உன் மகளின் நிகழ்ச்சியன்று அங்கே இருந்தவர்கள் நான், உன் அண்ணன் ஸ்ரீகாந்தன், அண்ணி சுஜீவா, எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருக்கிற அருந்தவன், மேடையில் உன் மகள் ராகவி, அவளோடு லண்டனிலிருந்து வந்து பாட்டுப் போடுகிற சஞ்சய், பிறகு மண்டபம் நிறைந்த சனம். இத்தனை பேரையும் சாட்சிக்கு வைத்துத்தான் எழுதுகிறேன், அம்மா கூட்டிக் குறைத்துச் சொன்னாள் என்று பிறகு நீ சொல்லக்கூடாது. இங்கே எல்லோரும் சுகம், எனக்குப் பிரஷர் குளிசை ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். உன்னோடு இருக்கிற செல்வநாயகி மாமியின் சுகத்தை நான் கேட்கவில்லை, நீ எழுதவும் வேண்டாம். போனில் சொன்னால் இடையில் மறித்துக் கதைப்பாய், அதனால் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அழுதழுது சொன்ன ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை. ராகவி உன்னைக் கேளாமல் அலுமாரியில் இருந்த நீ பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோக் கசற்றை எடுத்து, ஆட்கள் குடித்துக் கூத்தாடுகிற இடங்களில் சுவர் அளவுக்குக் காட்டுகிறாள், நகையும் மாலையுமாக நீ குனிந்து இருப்பதை ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது, மெல்பேர்ணுக்கு வந்தால் அவளுக்கு நாலு அறை போடு என்றாய். அவளோடு நீ கதையாமல் விட்டு எத்தனை மாதம். நானும் அறைகிற எண்ணத்தோடுதான் போனேன். கேளாமல் எடுத்தது பிழை என்று முதல் வேலையாக அவளுக்குச் சொன்னேன், அவளும் ஓம் என்று ஒத்துக்கொண்டாள். வாற மாதம் லண்டனில் பெரிய நிகழ்ச்சியாம். "அம்மா வேண்டாம் எண்டா அந்தப் படத்தை எடுத்துப்போடுவன் அம்மம்மா, ஆனா ஒருக்கா வந்து பாத்திட்டு வேண்டாம் எண்டு சொல்லட்டும்" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பிரன்ஸ்விக் பக்கம் பழைய துணி ஆலை ஒன்றை மண்டபமாக்கியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேர நிகழ்ச்சி. எங்கள் ஆட்களின் விசேஷத்துக்குத்தான் ஒரு மணித்தியாலம் பிந்திப் போகலாம், இது வெள்ளைக்காரரின் இடம் என்று ஸ்ரீகாந்தன் எல்லோரையும் துரத்தினான். நானும் சுஜீவாவும் அரங்கேற்றத்துக்குப் போவதுபோலப் பட்டுச் சேலை கட்டி, ஒரு ரின் நிறையப் பருத்தித்துறை வடையும் கொண்டு நேரத்துக்குப் போய் இறங்கினால், வயர் இழுக்கிற இரண்டு பேரைத் தவிர ஒரு குருவி இல்லை. இந்தப் பாட்டுக்காரரும் எங்களைப் போலத்தானாம், சொன்ன நேரத்துக்கு ஒருவரும் வரமாட்டார்களாம். வயர் இழுத்தவர்கள் வடை முழுவதையும் தின்று முடித்தார்கள். அருந்தவன், "அன்ரி, ஸ்பீக்கரைப் பாத்தீங்களே, கோயில் தேர் மாதிரி நிக்குது, காதுக்குப் பஞ்சு வையுங்கோ" என்று பகிடி விட்டான். விசாக் கடிதம் வரவில்லையென்று ஒரு வருசமாக மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்த பெடியன், அன்றைக்குத்தான் அவன் பல்லைக் கண்டேன்.

சஞ்சய் லெஸ்டரில் பிறந்த குஜராத்திப் பெடியன், வந்தவுடன் என் காலைத் தொட்டான். நீயும் இவனும் என்ன மாதிரி என்று ராகவியிடம் கேட்டேன், "வேலை மட்டும்தான் அம்மம்மா" என்றாள், எனக்கு நம்பிக்கையில்லை, நீ விசாரி. அவன் தவிலையும் தபேலாவையும் எதெதோ இரைச்சலோடு கலந்து போட்டான், நான் இருந்த கதிரை அதிர்ந்தது, கட்டுப்பல்லும் அதிர்ந்தது. ராகவி மேசையில் கமராவும் கொம்பியூட்டரும் வைத்துக்கொண்டு அந்த அடிக்கு ஏற்றபடி சுவரில் படத்தை மாற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் மைக்கைப் பிடித்துத் தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னாள், "லண்டனில எந்த ஊர் எண்டு கேக்கினம், கொழும்புக்குப் போனா எப்ப திரும்பிப் போறாய் எண்டு கேக்கினம், அம்மாவிட்ட கேட்டா போய்ப் படி எண்டுவா, அதுதான் நான் கசற்றைப் போட்டுப் பாத்தனான்" என்று. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன், நீ சொல்வதை அப்படியே சொன்னாள்.

பிறகு நீ வந்தாய். வெள்ளவத்தை மண்டபம், அன்னம் வைத்த அந்த நாற்காலி, வீடியோக்காரன் மூலைக்கு மூலை போட்ட பூவும் நட்சத்திரமும். ஒருவரும் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கவில்லை பிள்ளை. எனக்குப் பக்கத்தில் நின்ற, தலைமயிருக்கு நீலம் அடித்த பெட்டை ஒன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட அம்மாவிட்டயும் இந்த வீடியோ இருக்கு அன்ரி, சிட்னி ஹோம்புஷில வீட்டில, ஒருத்தருக்கும் காட்டமாட்டா" என்றது. அப்போதுதான் சுவரில் ஒரு கை வந்தது. உன் தோளுக்குப் பக்கத்தால் நீண்டு, ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நேராக்குகிற கை. வளையல் இல்லாத கை. மணிக்கட்டுக்கு மேலே தோசைக்கல் சுட்ட தழும்பு. ராகவி அதை மெல்ல மெல்ல ஓடவிட்டாள், திரும்பத் திரும்பக் காட்டினாள், அது யாருடைய கையென்று அவளுக்கே தெரியாது. நான் என் சேலைத் தலைப்பை விலக்கி என் கையைப் பார்த்தேன். சுஜீவாவும் பார்த்தாள்.

உன் கலியாணத்தன்று நீ ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா, எனக்கு இருக்கிறது. "அம்மா என்ர சாமத்தியவீட்டுக்கே எனக்குக் கிட்ட வரேல்லை, இப்ப என்னத்துக்கு" என்றாய், நீலச் சேலையோடு கதவடியில் நின்று சொன்னாய். உன் சாமத்தியவீட்டு நேரம் உன் அப்பா செத்து இரண்டு வருசம், தாலியறுத்தவள் முன்னுக்கு வரக்கூடாது என்று என்னைச் சமைக்கிற குசினிப் பக்கம் நிறுத்தினார்கள், வீடியோவிலும் பிடிக்கவேண்டாம் என்று அந்தப் பெடியனுக்குச் சொல்லிவைத்தார்கள். ஆனால் நான் வந்தேன் பிள்ளை. நீ குனிந்து இருந்தபடியால் காணவில்லை. மாலையை நேராக்கி முடிக்க முந்தி, முழங்கை வரைக்கும் வளையல் போட்ட இன்னொரு கை வந்து என் கையைப் பிடித்து இழுத்தது. அதுவும் அந்தச் சுவரில் இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது.

பாட்டு முடிகிற நேரத்தில் கமராவுக்குக் கீழே ராகவி ஆலாத்தித் தட்டம் ஒன்று வைத்தாள், மஞ்சள் தண்ணீர், வாழைப்பழத் துண்டுகள். அந்த மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்களாம், அதனால் திரிக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பற்றரி விளக்குகள். பற்றரிக்கு எந்தக் கண்ணூறடி போகும் என்று சொன்னேன். "அம்மம்மா, நீங்கள் வந்து எடுங்கோவன்" என்றாள். நான் தொடமாட்டேன், உன் மாமா ஸ்ரீகாந்தனின் கலியாணத்திலேயே தொடாதவள் என்று அவளுக்குச் சொன்னேன். "ஆர் சொன்னது தொடக்கூடாதெண்டு? பேரைச் சொல்லுங்கோ" என்று அத்தனை பேருக்கும் முன்னால் மைக்கில் கேட்டாள், உன் வாய்தான் அவளுக்கு. சுஜீவா தட்டத்தின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க, நான் எடுத்தேன். சுவரைப் பார்த்தால் அந்தப் பழைய கையும் இந்தக் கிழட்டுக் கையும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் ஒரே தழும்பு. ராகவி அதைக் கண்டுவிட்டுக் கொம்பியூட்டரை விட்டிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது, சஞ்சய்தான் அடித்து அடித்துச் சமாளித்தான்.

அதனால் அவளோடு கதை. வாற மாதம் போய்ப் பார், உன்னைப் பார்க்க அல்ல, என் கையைப் பார்க்கப் போ. பார்த்த பிறகும் வேண்டாமென்றால் எடுக்கச் சொல்லு, நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் நீ வேண்டாமென்று சொல்லமாட்டாய் என்றுதான் என் மனம் சொல்கிறது. நல்ல சேலை கட்டிக்கொண்டு போ, ஒரு மணித்தியாலம் பிந்திப் போ, காதுக்குப் பஞ்சு கொண்டு போ. நீயும் மருமகனும் ராகவியும் ஒரு மேசையில் இருந்து சோறு தின்னவேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்கவேண்டும். பிள்ளைக்கு அந்தப் பரட்டைத் தலைமயிரை எண்ணெய் வைத்துப் பின்னிவிடு.

இப்படிக்கு,
உன் மாலையைச் சரிசெய்ய வந்த
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு இன்னும் ஒன்று. வளையல் போட்ட கை யாருடையது என்று ராகவி கேட்டாள், நான் சொல்லவில்லை. நீ லண்டனுக்குப் போய் அந்தக் கைக்காரியின் வீட்டில் இருந்தாய், அவளுடைய சோற்றைத் தின்றாய், அதனால் இவ்வளவு காலமும் உனக்கும் சொல்லவில்லை. நீ அவளை முந்திப்போலப் பார், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ, முழங்காலுக்கு எண்ணெய் பூசிவிடு, கோபம் என்னுடையது, உனக்கு அதில் பங்கில்லை. அவளையும் கட்டாயம் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போ, முன் வரிசையில் இருத்து. மற்ற எல்லோரையும் நான் மன்னித்துவிட்டேன், வீடியோக்காரனைக்கூட. செல்வநாயகியை இல்லை.